கடலுக்கப்பால் ஒரு மல்லர்
திருகோணமலையின் டச்சு விரிகுடா மணலிலே பிள்ளைகள் மல்லுக்கட்டி விளையாடும் இம்மாலை வேளையில், மல்யுத்தத்தையே மூலதனமாகக் கொண்டு உலகப் பட்டம் எய்திய ஒருவரின் சரித்திரத்தை நினைவுகூர்வது பொருத்தமாகும். கனடாவில் பஞ்சாபிக் குடும்பத்தில் 1986இல் பிறந்த அர்ஜன் சிங் புல்லர், 2010 தில்லி பொதுநலவாய விளையாட்டு விழாவில் 120 கிலோ பிரிவில் தங்கம் வென்று, 2012 லண்டன் ஒலிம்பிக்கிலும் பங்குபற்றிய பின்னரே, குத்தும் உதையும் பிடியும் ஒருங்கே அனுமதிக்கப்படும் கலப்புத் தற்காப்புக் கலையில் முழுமையாகப் பிரவேசித்தார்.

2021 மே 15 அன்று சிங்கப்பூரில், 2015 முதல் வன் சம்பியன்ஷிப் என்னும் போட்டி அமைப்பின் அதிபார எடைப் பட்டத்தைத் தன்வசம் வைத்திருந்த பிராண்டன் வேராவைத் தரையிலே வீழ்த்தி, எழவிடாது அழுத்தி, இரண்டாம் சுற்றிலேயே மத்தியஸ்தர் குறுக்கிட்டு நிறுத்துமளவுக்குத் தாக்கி, அப்பட்டத்தைப் பெற்ற முதல் இந்திய வம்சாவளியினரானார். முஷ்டியின் பலத்தைக் காட்டிலும், எதிரியின் சமநிலையைக் குலைக்கும் மல்லரின் பிடியே அவருக்கு ஜயமளித்தது என்பது எமது அபிப்பிராயம். இளமையிலே பயின்ற வித்தை வேறொரு களத்திலும் கைகொடுத்ததை எண்ணும்போது உள்ளம் பூரிக்கின்றது. 2023 ஜூனில் பாங்கொக் நகரில் ரஷ்ய வீரர் அனத்தோலி மாலிகினிடம் அவர் அப்பட்டத்தை இழந்தார்.