நிறமும் உப்பும்: நொய்யல் ஆற்று மாசு – ஓர் ஆய்வு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளியங்கிரிச் சாரலில் தோன்றி, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே ஓடிக் காவிரியில் கலப்பது நொய்யல் ஆறு. காஞ்சிமாநதி என்ற பழம்பெயரும் இதற்கு உண்டு. பேரூர்ப் பட்டீசுவரர் கோயில் இதன் கரையில் அமைந்துள்ளது. சங்க காலத்தில் மணிகள் செய்தும் இரும்பை உருக்கியும் மக்கள் வாழ்ந்த கொடுமணல் இதன் வடகரையில்தான் உள்ளது. இது ஆண்டு முழுவதும் பெருகி ஓடும் ஆறன்று. எனவே நம் முன்னோர் ஆங்காங்கே அணைக்கட்டுகள் கட்டி, வாய்க்கால்கள் வெட்டி, உக்கடம், சிங்காநல்லூர், சூலூர் முதலிய குளங்களில் வெள்ள நீரைத் தேக்கி வைத்தனர்.

இத்தகைய ஆற்றின் பெயரைக் கேட்டவுடன் இன்று பலர் நினைவுக்கு வருவது சாய நீரே. சிவப்பும் நீலமுமாக ஓடிய நீரின் படங்களைச் செய்தித்தாள்களில் கண்டிருக்கிறோம். ஆனால் நொய்யலுக்கு நேர்ந்த பெருங்கேடு கண்ணுக்குத் தெரிந்த சாயத்தால் மட்டும் வந்ததன்று. கண்ணுக்குத் தெரியாத உப்பால் வந்தது. நிறத்தை நீக்கிவிட்டால் நீர் தூயதாகிவிடும் என்ற எண்ணமே இக்கேடு வளர இடம் கொடுத்தது. இதனை விளக்கிக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகை மாசு

ஆற்று நீரில் சேரும் மாசுகளை நாம் இரண்டாகப் பிரித்துக் கொள்ளலாம். முதல் வகை, சிதையக் கூடியது. வீட்டுக் கழிவுநீர் இவ்வகையைச் சேர்ந்தது. நீரில் வாழும் நுண்ணுயிரிகள் இக்கழிவை உணவாகக் கொண்டு, கரைந்துள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்தி அதைச் சிதைக்கின்றன. கழிவு அளவோடு இருந்து, ஓட்டமும் போதிய நீரும் இருந்தால் ஆறு சில கல் தொலைவுக்குள் தன்னைத் தானே தூய்மை செய்து கொள்ளும். கழிவு மிகுந்தால் ஆக்சிஜன் முழுவதும் செலவாகி, மீன்கள் மடிந்து, துர்நாற்றம் எழும்.

இரண்டாம் வகை, சிதையாதது. சோடியம் குளோரைடு, சோடியம் சல்பேட்டு போன்ற உப்புகள் இவ்வகையின. எந்த நுண்ணுயிரியும் இவற்றை உண்டு தீர்ப்பதில்லை. வெயிலில் நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. எஞ்சிய நீரில் அதன் செறிவு மேலும் கூடுகிறது. ஆறு தானே தீர்த்துக் கொள்ள முடியாத மாசு இது.

உப்பு எங்கிருந்து வந்தது?

திருப்பூரின் பின்னலாடைத் தொழிலுக்குப் பருத்தித் துணியே அடிப்படை. பருத்திக்குச் சாயமேற்ற ரியாக்டிவ் சாயங்களைப் பயன்படுத்துகின்றனர். இச்சாயங்கள் காரச் சூழலில் பருத்தியின் செல்லுலோசோடு சகப்பிணைப்பால் இணைகின்றன. அதனால்தான் துவைத்தாலும் சாயம் எளிதில் போவதில்லை.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உள்ளது. நீரில் நனைந்த பருத்தி இழையின் மேற்பரப்பு எதிர்மின்சுமை பெறுகிறது. சாய மூலக்கூறும் எதிர்மின்சுமை உடையது. ஒத்த சுமைகள் ஒன்றையொன்று விலக்கும் என்பது நாம் பள்ளியிலேயே படித்தது. இந்த விலக்கத்தைக் குறைத்துச் சாயத்தை இழையிடம் சேர்க்கவே சாயத்தொட்டியில் உப்பைக் கொட்டுகின்றனர். வேலை முடிந்ததும் உப்பு துணியில் தங்குவதில்லை. இட்ட உப்பு ஏறக்குறைய முழுவதும் கழிவுநீரோடு வெளியேறி விடுகிறது.

இதனை ஒரு கணக்கால் அறியலாம். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் நீர், லிட்டருக்கு 50 கிராம் உப்பு என்று கொள்வோம். நடுத்தர நிறங்களுக்கு இது வழக்கமான அளவே. அப்படியானால் ஒரு கிலோ துணிக்கு 400 கிராம் உப்பு வேண்டும். 150 கிராம் எடையுள்ள ஒரு பனியனுக்கு 60 கிராம். நாளொன்றுக்கு 1,000 கிலோ துணிக்குச் சாயமேற்றும் ஒரு பட்டறையிலிருந்து 400 கிலோ, அதாவது ஐம்பது கிலோ மூட்டையில் எட்டு மூட்டை உப்பு வெளியேறும். எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் இயங்கிய ஊரில் ஆற்றுக்குச் சென்ற உப்பின் அளவை வாசகர்களே எண்ணிப் பார்த்துக் கொள்ளலாம்.

தொடக்க காலச் சுத்திகரிப்பு முறையில் சுண்ணாம்பையும் பெரஸ் சல்பேட்டையும் கலந்து சாயத்தைப் படிய வைத்தனர். நிறம் குறைந்தது, கரைந்த உப்பு அப்படியே நின்றது. சேர்த்த வேதிப்பொருள்களால் கரைபொருளின் அளவு சற்றுக் கூடியது என்றுகூடச் சொல்லலாம். பார்வைக்குத் தெளிவாகத் தோன்றிய அந்நீர் பயிருக்கு உதவாத நீராகவே ஆற்றில் விழுந்தது.

ஒரத்துப்பாளையம் தந்த பாடம்

நொய்யலின் குறுக்கே, சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை கட்டப்பட்டு 1992-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 20,000 ஏக்கர் நிலம் பாசனம் பெறும் என்பது திட்டம். ஆனால் மேலே திருப்பூரிலிருந்து வந்த கழிவுநீர் அணையில் தேங்கியது. நல்ல நீரைச் சேமிக்கக் கட்டிய அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. தேங்கிய நீர் நிலத்தடியில் இறங்கிச் சுற்றுப்புறக் கிணறுகளையும் கெடுத்தது. அணையில் நீர் தேக்க வேண்டாம் என்று பாசன உழவர்களே வேண்டிக் கொள்ளும் நிலை வந்தது. அணை கட்டுங்கள் என்று உழவர் கேட்பதே உலக வழக்கு. இங்கே அவ்வழக்கு தலைகீழாயிற்று.

மண்ணுக்கு நேர்வது

உப்பு நீர் பாய்ச்சினால் நிலத்துக்கு என்ன ஆகிறது? மீண்டும் ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு ஏக்கர் நிலத்தில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு முறை நீர் கட்ட ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் வேண்டும். அந்நீரில் லிட்டருக்கு 3 கிராம் உப்பு இருக்குமானால், ஒரே பாய்ச்சலில் 600 கிலோ உப்பு வயலில் சேர்கிறது. நீரைப் பயிரும் வெயிலும் எடுத்துக் கொள்கின்றன. உப்பு மண்ணிலேயே தங்கி விடுகிறது.

இதனால் இரண்டு தீமைகள் விளைகின்றன. ஒன்று, மண்ணில் உள்ள நீரின் உப்புச் செறிவு மிகும்போது வேரால் நீரை உறிஞ்ச இயலுவதில்லை. சவ்வூடு பரவல் விதிப்படி நிகழ்வது இது. வயலில் ஈரம் இருந்தும் பயிர் வாடுகிறது. மற்றொன்று, களிமண் துகள்களோடு ஒட்டியுள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகளைச் சோடியம் அயனிகள் வெளியேற்றி அவ்விடத்தைப் பிடித்துக் கொள்கின்றன. கால்சியம் துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும்; சோடியம் அவற்றைப் பிரித்து விடும். பிரிந்த துகள்கள் மண்ணின் நுண்துளைகளை அடைத்துக் கொள்ள, மேற்பரப்பு காய்ந்து ஓடு போல் இறுகுகிறது. பிறகு நல்ல மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்குவது அரிது.

ஜிப்சம் இட்டால் அதிலுள்ள கால்சியம் சோடியத்தை மீண்டும் வெளியேற்றும் என்பது உண்மையே. ஆனால் வெளியேறிய சோடியத்தைக் கழுவி வடிப்பதற்கு நல்ல நீர் வேண்டும். நல்ல நீர் இல்லாததுதானே நோய்! ஆகவே கெடுத்த மண்ணை மீட்பது மிக நீண்ட வேலையாகும்.

மனிதர்க்கு நேர்வது

இக்கேட்டை ஒரு பக்கம் மட்டும் நின்று பேச என்னால் இயலாது. என் தந்தையார் சாயப்பட்டறைத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் படிப்புச் செலவு அக்கூலியிலிருந்தே வருகிறது. என் தாய்வழிப் பாட்டனாரோ நொய்யலின் கீழ்ப்பகுதியில் மஞ்சளும் நெல்லும் பயிரிட்டவர். கிணற்று நீர் உப்பான பிறகு அவர் மாடுகளை விற்றார். பின்னர் பனியன் கம்பெனியில் இரவுக் காவலராகச் சேர்ந்தார். எங்கள் வீட்டில் விருந்து நாள்களில் இருவரும் ஒரே பந்தியில் உட்காருவார்கள். ஆற்றைப் பற்றிய பேச்சு மட்டும் எழாது. ஆலை வேண்டும், ஆறும் வேண்டும் என்பது எங்களைப் போன்ற குடும்பங்கள் பலவற்றுக்கு மேடைப் பேச்சன்று, அன்றாடத் தேவை.

சட்டமும் நீதிமன்றமும்

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இலும், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-இலும் இயற்றப்பட்டன. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-இல் அமைந்தது. பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அதன் பின் அமைக்கப்பட்ட சூழலிழப்பு ஆணையம், நொய்யல் பகுதியில் 68 கிராமங்களைச் சேர்ந்த 28,000-க்கும் மேற்பட்டோருக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரியாக ஒன்பதாயிரம் ரூபாய்க்கும் குறைவே.

நொய்யல் ஆயக்கட்டு உழவர்கள் தொடர்ந்து வழக்காடினர். சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் கடுமையான ஆணைகளைப் பிறப்பித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உழவர் பக்கமே தீர்ப்பளித்தது. அதன் பிறகும் கழிவுநீர் நிற்கவில்லை. எனவே 2011 ஜனவரி 28-இல், கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாத நிலையை எட்டும் வரை திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பட்டறைகள் மூடிக்கிடந்த மாதங்களில் தொழிலாளர் குடும்பங்கள் பட்ட துன்பம் பெரிது. ஆற்றைக் காக்க முன்கூட்டியே செய்திருக்க வேண்டிய செலவைத் தள்ளிப் போட்டதன் விலையை, முடிவில் கூலியாளும் கொடுக்க நேர்ந்தது.

கட்டுப்படுத்தும் முறை

இன்று பின்பற்றப்படும் முறையை மூன்று படிகளாகக் கூறலாம். முதலில் நுண்ணுயிரிகளைக் கொண்டும் வேதி முறையிலும் கரிமப் பொருள்களையும் நிறத்தையும் நீக்குகின்றனர். அடுத்து, எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் உயர் அழுத்தத்தில் நீரைச் சவ்வின் வழியே செலுத்துகின்றனர். நல்ல நீர் ஒருபுறம் வர, உப்பு செறிந்த நீர் மறுபுறம் நிற்கும். இறுதியாக, அவ்வுப்பு நீரை ஆவியாக்கிகளில் காய்ச்சி உப்பைப் படிகமாகப் பிரிக்கின்றனர். நல்ல நீர் மீண்டும் பட்டறைக்கே செல்கிறது. பிரித்த சோடியம் சல்பேட்டும் மீண்டும் சாயத்தொட்டிக்குச் செல்கிறது. உப்பை ஆற்றுக்கு விடாமல் பட்டறைக்குள்ளேயே சுற்ற விடுவது இம்முறையின் சிறப்பு.

இதற்கு மின்சாரமும் விறகும் பெருமளவில் செலவாகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இது புதிதாக வந்த செலவன்று. முன்பு பனியனின் விலையில் சேராதிருந்த இச்செலவை, கீழ்ப்பகுதி உழவர் தம் கிணற்றாலும் நிலத்தாலும் கொடுத்து வந்தனர். இப்போது அது உரிய கணக்கில் ஏறுகிறது. வாங்குவோரும் விலையில் தம் பங்கை ஏற்பதே நியாயம்.

எஞ்சியுள்ள பணிகள்

இம்முறை வந்த பின் ஆற்றில் சாயக்கழிவு பெரிதும் குறைந்தது. எனினும் வேலை முடிந்துவிடவில்லை. மீண்டும் பயன்படாத கலப்பு உப்பும் சுத்திகரிப்பில் சேரும் கசடும் பாதுகாப்பாக அகற்றப்பட வேண்டும். இரவிலும் மழையிலும் மறைவாகக் கழிவைத் திறந்து விடுவோரைத் தடுக்க வேண்டும். நகரங்களின் வீட்டுக் கழிவுநீரும் குப்பையும் இன்றும் ஆற்றில் சேர்கின்றன. இவற்றுள் கழிவுநீர் சிதையக் கூடிய மாசு; சுத்திகரிப்பு நிலையங்களைப் போதிய அளவில் அமைத்து ஒழுங்காக இயக்கினால் தீரும்.

நாம் செய்யக்கூடியது

மாணவத் தோழர்களே! ஆற்றைக் காப்பதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. உப்பைக் கண்ணால் காண முடியாது. அளந்தே அறிய வேண்டும். அளக்கும் முறை நம் ஆய்வகத்திலேயே இருக்கிறது. வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைக் கொண்டு குளோரைடின் அளவை அறியும் தரம்பார்த்தலை நாம் செய்து பழகியுள்ளோம். ஒரு லிட்டர் நீரைக் காய்ச்சி வற்றவைத்து எஞ்சிய பொருளை நிறுத்தாலும் போதும். நிலத்தின் மேல் ஓடும் நீர்நிலைகளில் விடும் கழிவில் கரைபொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மிகக் கூடாது என்பது விதி. குடிநீரில் 500 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்புடையது; வேறு நீர் கிடைக்காவிடில் 2,000 வரை.

எனவே வேதியியல் மன்றத்தின் சார்பில், மாதம் ஒருமுறை ஆற்றிலும் கரையோரக் கிணறுகளிலும் குறிப்பிட்ட இடங்களில் நீரெடுத்துச் சோதித்து, முடிவுகளைக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம் என்பது என் வேண்டுகோள். பேராசிரியர்கள் வழிகாட்டினால் ஓராண்டில் பயனுள்ள ஓர் ஏடு சேரும். கிணற்று நீர் பயிருக்கு ஆகுமா என்று கேட்டு வரும் உழவருக்கு நாம் எண்ணால் விடை கூறலாம்.

முடிவுரை

நிறம் கண்ணை எச்சரிக்கிறது. உப்பு எச்சரிக்காமல் மண்ணைக் கொல்கிறது. சிதையாத மாசை ஆற்றில் கலந்த பின் தேடிப் பிடிப்பது அரிது. தோன்றும் இடத்திலேயே தடுப்பதே வழி. இதனை நொய்யல் பெரும் விலை கொடுத்து நமக்குக் கற்பித்துள்ளது. திருப்பூரைப் போல் தொழில் வளரும் ஊர்கள் எத்தனையோ உள்ளன. பட்டறைக்கு அடிக்கல் நாட்டும் நாளிலேயே அதன் உப்பு எங்கே போகும் என்று கேட்போமாக. அக்கேள்விக்கு விடை கிடைத்த பின் சக்கரம் சுழலட்டும்.