பழைய கட்டடத்தை இடிக்கலாமா? கரிமக் கணக்கு என்ன சொல்கிறது?

கூரையில் சூரியத் தகடு இருக்கு, ஏர்கான் மின்சாரத்தைக் குறைவாகத்தான் குடிக்குது... அப்போ அது பசுமைக் கட்டடம்தானே?

அது பாதிக் கணக்கு. மீதி, நீங்கள் சாவியை வாங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

சிமெண்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் சுட வேண்டும். உலைக்கு எரிபொருள் தேவை. அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் சூட்டில் அந்தக் கல்லே சிதைந்து கரியமில வாயுவை வெளிவிடுகிறது. உலையைச் சூரியசக்தியில் ஓட்டினாலும் அது நிற்காது! உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 8 விழுக்காட்டுக்குச் சிமெண்ட்தான் காரணம்.

கல் வெட்டுவது, தயாரிப்பு, கப்பல் பயணம், கட்டுமானம், பல ஆண்டுப் பயன்பாடு, கடைசியில் இடிப்பு. இவை அனைத்தையும் சேர்த்துக் கூட்டுவதுதான் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு. சிங்கப்பூரின் 'கிரீன் மார்க் 2021' சான்றிதழ் திட்டத்திலும் இந்த முழு ஆயுள் கரிமக் கணக்குக்கு இடமுண்டு.

வரைபடம் வரையும்போதே கணக்குப் போட்டால்தான் பயன். தளத்தின் தடிமனைக் குறைக்கலாம். சிமெண்ட்டில் ஒரு பகுதிக்குப் பதிலாக இரும்பாலைக் கசடைச் சேர்க்கலாம். தூண் எழுந்த பிறகு என்ன செய்வது?

மரத்தில் கட்டலாமே என்கிறீர்களா? 2023இல் திறக்கப்பட்ட நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 'காயா' கட்டடம் அப்படித்தான் எழுந்தது. மரம் கரிமத்தைத் தனக்குள் பூட்டி வைக்கும். ஆனால் ஆயுள் முடிந்ததும் அதை எரித்தால் பூட்டு திறந்துவிடும். ஆக, 60 ஆண்டு கழித்து என்ன நடக்கும் என்ற ஊகத்தைப் பொறுத்து விடை மாறும். மதிப்பீட்டின் பலவீனம் அங்கேதான். "எங்கள் கட்டடம் பசுமையானது" என்று யாராவது எண்ணைக் காட்டினால், எத்தனை ஆண்டுக்கு, எதையெல்லாம் சேர்த்து என்று கேளுங்க.

ஆயுள்தான் பெரிய விஷயம். 1976இல் கட்டி முடிக்கப்பட்ட 38 மாடி பேர்ல் பேங்க் அடுக்குமாடி, என் பிளாக் விற்பனைக்குப் பிறகு இடிக்கப்பட்டது. 50 வயதுகூட ஆகவில்லை. அந்தக் கான்கிரீட்டுக்காக வெளியேறிய வாயு இன்னும் காற்றில்தான் இருக்கிறது. அதே இடத்தில் புதிய கோபுரத்துக்காக இன்னொரு முறை செலவு.

1973இல் எழுந்த கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் 2021இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது. அதன் தூண்களும் தளங்களும் அப்படியே நிற்கும்.