ஓடுபாதையில் ஒரு முடிவு



பயணிகள் விமானமொன்று ஓடுபாதையில் விரைந்து செல்லும் வேளையில் அதன் எஞ்சின்களுள் ஒன்று பழுதுபட்டு நின்றுவிட்டால் விமானி யாது செய்வார்? சிந்திப்பதற்கு அவருக்கு ஓரிரு விநாடிகளே உண்டு. அத்துணைக் குறுகிய பொழுதில் நல்ல முடிவொன்றைக் காண்பது எவர்க்கும் எளிதன்று. ஆதலால், அம்முடிவு விமானம் அசையத் தொடங்குமுன்னரே செய்யப்பட்டுவிடுகின்றது.

ஒவ்வொரு பயணத்தின் முன்னும் விமானிகள் ஒரு வேகத்தைக் கணித்துக்கொள்வர். ‘வீ-ஒன்’ என்பது அதன் பெயர். தீர்மான வேகம் என நாம் கூறலாம். விமானத்தின் பாரம், ஓடுபாதையின் நீளம், காற்று, வெப்பநிலை ஆகியவற்றைக் கொண்டு அது கணிக்கப்படும். ஆகவே, ஒரே விமானத்துக்கும் அது நாளுக்கு நாள் வேறுபடும். அவ்வேகத்தை எட்டுமுன் எஞ்சின் பழுதுபட்டால் விமானத்தை நிறுத்திவிட வேண்டும். எஞ்சியுள்ள பாதை அதற்குப் போதும். எட்டியபின் பழுதுபட்டாலோ நிறுத்த முயலலாகாது, மேலெழுந்தே ஆகவேண்டும். இரண்டு எஞ்சின்களைக் கொண்ட பெரிய பயணிகள் விமானம் எதுவும், ஒன்றைக்கொண்டே மேலெழ வல்லதென மெய்ப்பிக்கப்பட்ட பின்னரே சேவைக்கு அனுமதிக்கப்படுகின்றது.

ஓடும்போது தலைமை விமானியின் கை விசைப்பிடிகளின் மேலேயே இருக்கும். ‘வீ-ஒன்’ என்னும் அறிவிப்பைக் கேட்டதும் அவர் கையை எடுத்துவிடுவார். பதற்றத்தினால் விசையைக் குறைத்துவிடலாகாது என்பதற்காகவே இவ்வழக்கம்.

ஒருபுறத்து எஞ்சின் நின்றதும் விமானம் அப்புறமாகவே திரும்ப முற்படும். விமானி மறுபுறத்து மிதியைக் காலால் அழுத்தி, வாலிலுள்ள சுக்கானின் துணையால் அதனை நேர்ப்படுத்துவார். உரிய வேகம் வந்ததும் விமானத்தின் மூக்கை உயர்த்தி, தரையை விட்டெழுந்தபின் சில்லுகளை உள்ளிழுத்துக்கொள்வார். பொதுவாக 400 அடி உயரத்தையேனும் அடையும்வரை பழுதுபட்ட எஞ்சினை எவரும் தொடுவதில்லை. அதன்பின் ஒருவர் விமானத்தைச் செலுத்த, மற்றவர் பழுதுபட்டது எதுவெனச் சுட்டுவார். இருவரும் ஒப்பிய பின்னரே அது நிறுத்தப்படும்.

இத்துணை நிதானம் எதற்கு என நீங்கள் வினவலாம். 2015ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி, தைவான் நாட்டின் தைப்பே நகரிலிருந்து டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் விமானமொன்று 58 பேருடன் புறப்பட்டது. தரையை விட்டு ஒரு நிமிடம் ஆகுமுன்னரே அதன் வலப்புற எஞ்சின் உந்துவிசையை இழந்தது. இடப்புற எஞ்சின் செம்மையாகவே இயங்கிக்கொண்டிருந்தது. ஆனால், விமானி முறைப்படி ஆராயாது, அந்த நல்ல எஞ்சினின் விசையைக் குறைத்து, ஈற்றில் அதனை நிறுத்தியும்விட்டார். தவறு உணரப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. விமானம் கீலுங் ஆற்றில் வீழ்ந்தது. 43 பேர் மாண்டனர். ஓர் எஞ்சின் நின்றதனால் மட்டும் அவ்விமானம் வீழவேண்டியதில்லை. நல்லது எது, பழுதானது எது எனச் சரிபார்க்கத் தவறியமையே அதனை வீழ்த்தியது.

இதன் பொருட்டே விமானிகள், உண்மையான விமானத்தைப் போன்றே அமைக்கப்பட்ட பயிற்சி அறைகளில் இவ்வாபத்தைத் திரும்பத் திரும்ப எதிர்கொண்டு பழகுகின்றனர். ஆபத்து வந்தபின் ஆராய்வதற்கு அவகாசமில்லாத தொழில் அது. அங்கே விரைந்து செய்யவேண்டியவை சில; அவை முன்னரே முடிவு செய்யப்பட்டவை. எஞ்சியவை யாவும் ஆறுதலாகவும், இருவர் கண்கொண்டு பார்த்தும் செய்யவேண்டியவை. இவ்விரண்டையும் பிரித்தறியும் பழக்கமே விமானியின் உண்மையான திறமையாகும்.