திரையிலேயே இருக்கிறது ஆங்கிலப் பாடம்

கம்ப்யூட்டர் வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறதா? அதற்குள் பத்து ஃப்ரேசல் வெர்ப்களையாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். சைன் இன், ஷட் டவுன், பேக் அப், ஸூம் இன், ஸ்க்ரோல் டவுன், செட் அப் எல்லாம் அந்த ரகம்தான். சாதாரண வினைச்சொல்லோடு இன், அப், ஆஃப் போன்ற குட்டிச் சொல் ஒன்று சேர்ந்து தனிப் பொருள் தந்தால் அதுதான் ஃப்ரேசல் வெர்ப்.

தமிழிலும் இது உண்டு. போடுவது தெரியும், கொடுப்பது தெரியும். 'போட்டுக் கொடுத்தான்' என்றால்? தமிழ் கற்கும் வெளிநாட்டுக்காரர் அகராதியைப் புரட்டிவிட்டு விழிப்பார். 'புட் ஆஃப்' என்பதைக் கேட்டு நாம் விழிப்பதும் அப்படித்தான். புட் என்றால் வை, ஆஃப் என்றால் அணை. இரண்டையும் கூட்டினால் 'தள்ளிப்போடு' வராது.

எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், வெள்ளிக்கிழமை வெளியிட வேண்டிய சாஃப்ட்வேரை 'கால் ஆஃப்' செய்யுங்கள் என்று போனில் சொன்னார். புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி, வெள்ளிக்கிழமை போன் செய்யச் சொல்கிறார் என்று குறித்துக்கொண்டார். உண்மையில் 'ரத்து செய்யுங்கள்' என்பது பொருள். பக்கத்தில் இருந்தவர் கவனித்ததால் தப்பித்தோம். அந்தத் தம்பி பி.இ.யில் முதல் வகுப்பு. இலக்கணத்தில் குறையே கிடையாது. ஆனால் நாம் பள்ளியில் படித்தது போஸ்ட்போன், கேன்சல். பேச்சில் அவர்கள் சட்டென்று எடுப்பது புட் ஆஃப், கால் ஆஃப்.

இதற்குத் தினமும் பத்து நிமிடம் போதும். நோட்பேடைத் திறந்து எஃப்5 விசையை அழுத்துங்கள். அன்றைய தேதியும் நேரமும் தானாக விழும். அதன் கீழே மூன்றே மூன்று ஃப்ரேசல் வெர்ப்களை டைப் செய்து, ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பொருளும் ஒரு சொந்த வாக்கியமும் எழுதுங்கள். அன்று உங்கள் வீட்டில் நடந்ததாக இருக்கட்டும். கரண்ட் போனால் 'தி லைட்ஸ் வென்ட் ஆஃப்'. சமையல் கேஸ் தீர்ந்தால் 'வீ ரேன் அவுட் ஆஃப் கேஸ்'. 'ராமா கில்டு ராவணா' ரக வாக்கியங்களை எத்தனை முறை எழுதினாலும் மனதில் ஒட்டாது.

மறுநாள் புதிய மூன்றுக்கு முன், நேற்றைய மூன்றையும் ஃபைலைப் பார்க்காமல் ஒரு தாளில் எழுதி ஒப்பிடுங்கள். பிறகு மூன்று நாள் கழித்து, அப்புறம் ஒரு வாரம் கழித்து. மறக்கப்போகிற நேரத்தில் நினைவுபடுத்துவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இந்த இடைவெளிக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும் ஆங்கி என்ற சாஃப்ட்வேர் 2006-ல் வந்தது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இலவசம். முதல் மாதத்துக்கு நோட்பேடே போதும் என்பேன்.

கடையில் கிடைக்கும் புத்தகங்களில் 'கெட்' வரிசை என்று இருபத்தைந்தை அடுக்கியிருப்பார்கள். கெட் ஆன், கெட் ஓவர், கெட் பை எல்லாவற்றையும் ஒரே நாளில் படித்தால் ஒன்றோடொன்று குழம்பும். சூழ்நிலை வாரியாக எடுங்கள். ஒரு வாரம் கம்ப்யூட்டர் திரையில் கண்டவை. ஒரு வாரம் போன் பேச்சு: ஹோல்ட் ஆன், ஹேங் அப், கால் பேக். அடுத்து வேலை விண்ணப்பம்: படிவத்தை ஃபில் இன் செய்கிறோம், டர்ன் டவுன் என்று பதில் வந்தால் நிராகரித்துவிட்டார்கள்.

திரையில் ஆங்கிலத்தில் லாகின் என்று ஒட்டி எழுதியிருந்தால் பெயர்ச்சொல், லாக் இன் என்று பிரித்திருந்தால் வினை. பேக்கப், பேக் அப் கதையும் இதுவே. (லாக் என்றால் மரக்கட்டை. கப்பலின் வேகத்தை அளக்க, கயிற்றில் கட்டிக் கடலில் வீசிய கட்டை. அந்த அளவைக் குறித்த நோட்டு லாக் புக் ஆயிற்று. பதிவு செய்வது என்ற பொருள் அங்கிருந்து வந்தது.)

இன்னொன்று, இட் எங்கே வரும் என்பது. 'டர்ன் ஆஃப் தி கம்ப்யூட்டர்' சரி, 'டர்ன் தி கம்ப்யூட்டர் ஆஃப்' என்பதும் சரி. கம்ப்யூட்டருக்குப் பதில் இட் போட்டால் 'டர்ன் இட் ஆஃப்' மட்டுமே சரி. ஆனால் தேடு என்ற பொருள் தரும் லுக் ஃபார் பிரியாது; 'லுக் ஃபார் இட்' என்றுதான் வரும். எது பிரியும், எது பிரியாது என்பதற்கு எளிய விதி கிடையாது. அதனால்தான் வெறும் சொல்லாக எழுதாமல் வாக்கியமாக எழுதச் சொல்கிறேன். சந்தேகம் வந்தால் இன்டர்நெட்டில் கேம்பிரிட்ஜ் அகராதியைத் திறந்து இரண்டு சொற்களையும் சேர்த்தே டைப் செய்யுங்கள். பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியமும் வரும்.