பழைய கார், பழைய கடன், இரண்டு மாநிலம்

வங்கி கைவிரித்த பிறகு கார் வாங்கக் கிளம்புகிறவர் வட்டியை நினைத்துத்தான் பயப்படுகிறார். பாலக்காடு எல்லையில் அவரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் காகிதம்.

வேலந்தாவளம் காய்கறிச் சந்தைக்கு வந்து நிற்கும் வண்டிகளின் எண் பலகைகளைப் பார்த்தாலே இந்தப் பகுதியின் சங்கதி புரிந்துவிடும். கே.எல். 9, கே.எல். 70, டி.என். 37, டி.என். 41 என்று கலந்து கட்டி நிற்கும். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் உள்ள வடகரப்பதி, எருத்தேம்பதி பஞ்சாயத்துகளில் ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும். வீட்டுப் பேச்சு தமிழில் இருக்கும். பெண் கொடுப்பதும் எடுப்பதும் பொள்ளாச்சி, கிணத்துக்கடவு பக்கம். பெரிய ஆஸ்பத்திரி என்றால் கோவை. பழைய கார் வாங்கவேண்டும் என்றாலும் கால் போவது கோவை, பொள்ளாச்சி சாலையோரத்து 'கார் கன்சல்டிங்'குகளுக்குத்தான்.

ஒழலப்பதிப் பக்கம் தக்காளியும் வெண்டையும் போடுகிற ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். கற்பனை மனிதர்தான். ஆனால் அவர் பட்ட கடன் கற்பனை அல்ல. இது மழை நிழல் பகுதி. கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் பச்சை இங்கே கிடையாது. 2016ல் பருவமழை பொய்த்து, அந்த அக்டோபரில் 14 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாகக் கேரள அரசு அறிவித்தது. அடுத்த மாதமே பணமதிப்பு நீக்கம். அதற்குப் பிறகு 2020ல் கொரோனா. நம் விவசாயி போர்வெல்லுக்கு வாங்கிய கடனில் சில தவணைகள் தவறின. அதைவிட மோசம், மச்சான் வாங்கிய டிராக்டர் கடனுக்கு இவர் போட்ட ஜாமீன் கையெழுத்து. மச்சான் கட்டவில்லை. அது இவர் கணக்கிலும் ஏறிவிட்டது.

ஜாமீன் என்பது மரியாதைக்குப் போடும் கையெழுத்து என்றுதான் நம் ஊரில் இன்னும் நினைக்கிறார்கள். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கு அந்த நினைப்பு கிடையாது. 2005ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நாட்டில் இப்படி நான்கு நிறுவனங்கள் இயங்குகின்றன. 300லிருந்து 900 வரை மதிப்பெண். ஜாமீன் போட்ட கடன் தவறினால் போட்டவர் அறிக்கையிலும் அது பதிவாகும். வங்கியோடு பேசிக் குறைந்த தொகைக்கு முடித்துக்கொண்டால் 'செட்டில்டு' என்று விழும். முழுதாகக் கட்டி முடித்தால் விழும் 'க்ளோஸ்டு' வேறு. பெரும்பாலோர் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இந்தத் தகவல்களைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

ஆக, கையில் ரூ. 70,000. அறிக்கையில் கறை. மனதில் ரூ. 2.2 லட்சத்தில் ஒரு கார். வங்கி மறுக்கிறது. கன்சல்டிங்கில் உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ்காரர் சிரித்த முகத்துடன் சொல்கிறார்: ஒன்றரை லட்சம் தருகிறோம், 14 சதவீதம்தான், மூன்று வருஷம்.

இந்த 14 சதவீதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும். இது 'ஃபிளாட்' வட்டி. ரூ. 1,50,000க்கு வருடம் ரூ. 21,000; மூன்று வருடத்துக்கு ரூ. 63,000. மொத்தம் ரூ. 2,13,000. மாதம் ரூ. 5,917 டியூ. கணக்கு சுத்தமாகத்தான் தெரிகிறது. ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது. வட்டி மட்டும் முதல் நாள் அசலுக்கே போடப்படுகிறது. குறையும் அசலுக்கு என்று கணக்கிட்டால் இது வருடத்துக்கு 24 சதவீதத்தைத் தாண்டும். 'டாக்குமெண்ட் சார்ஜ்', அது இது என்று முதலிலேயே ரூ. 6,000 பிடித்துக்கொண்டு ரூ. 1,44,000 மட்டும் கொடுத்தால் 27 சதவீதத்தையும் தாண்டிவிடும். ரூ. 2.2 லட்சம் காருக்கு மனிதர் ரூ. 2.83 லட்சம் கொடுத்திருப்பார். மூன்று வருடம் கழித்து அந்தக் கார் என்ன விலைக்குப் போகும் என்பது அவருக்கே தெரியும்.

2024 அக்டோபர் 1 முதல், வங்கியும் நிதி நிறுவனமும் இத்தகைய கடனுக்கு எல்லாச் செலவும் சேர்ந்த உண்மையான வருட வட்டியை ஒரு தனித் தாளில் எழுதித் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைக் கேளுங்கள். தரத் தயங்குகிற இடத்தில் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

ஃபைனான்ஸ்காரர்கள் எல்லோரையும் ஒரே தராசில் வைப்பதும் நியாயமில்லை. வங்கிகள் தொடத் தயங்கிய பழைய லாரி வாங்கும் டிரைவர்களுக்குக் கடன் கொடுத்தே வளர்ந்தது 1979ல் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ். 2022ல் இணைப்புக்குப் பின் ஸ்ரீராம் ஃபைனான்ஸ் ஆனது. காகிதத்தில் தேறாதவன் பணத்தைத் திருப்பிக் கட்டமாட்டான் என்பதில்லை என்ற நம்பிக்கைதான் அந்தத் தொழிலின் முதல். ஆனால் லாரி ஓடினால் வாடகை வரும். வீட்டுக் கார் ஓடினால் பெட்ரோல் செலவுதான் வரும். வெள்ளை எண் பலகைக் காரை வாடகைக்கு விட்டு டியூ கட்டலாம் என்று புரோக்கர் யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது சட்டப்படி தவறு, விபத்து என்றால் இன்சூரன்ஸும் கைகொடுக்காது.

கறை உள்ளவருக்கு வேறு வழி? வீட்டில் இருக்கும் நகை. அடகுக் கடனுக்கு மதிப்பெண்ணைவிடத் தங்கத்தின் எடைதான் பேசும். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகள், ரூ. 2.5 லட்சம் வரையிலான நுகர்வுக் கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தர அனுமதிக்கின்றன. வங்கியில் வட்டி, மேலே சொன்ன கணக்கில் பாதிகூட வராது. ஆனால் மீட்காவிட்டால் ஏலம். மனைவியின் நகை காராக மாறி, கார் துருவாக மாறிய வீடுகளும் உண்டு. கேரளத்து முகவரி உள்ளவருக்கு இன்னொரு வழி, 1969ல் மாநில அரசு தொடங்கிய கே.எஸ்.எஃப்.இ. நடத்தும் சிட்டி. அவசரத்துக்கு உதவாது, எடுத்த பிறகு ஜாமீனும் கேட்பார்கள். ஒரு வருடம் பொறுக்கமுடியும் என்பவருக்குச் சரி.

பிளேடு கம்பெனி மட்டும் வேண்டாம். 2014ல் திருவனந்தபுரத்தில் ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகுதான் கேரள போலீஸ் 'ஆபரேஷன் குபேரா' என்று வட்டிக்காரர்கள் மீது பாய்ந்தது. தமிழ்நாட்டில் 2003லிருந்தே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. இரண்டு பக்கமும் சட்டம் இருக்கிறது, வட்டிக்காரரும் இருக்கிறார்.

என்னைக் கேட்டால், ரூ. 2.2 லட்சம் காரை மறந்துவிட்டு, கையிலிருக்கும் ரூ. 70,000த்தோடு கொஞ்சம் நகைக் கடன் சேர்த்து ரூ. 1.1 லட்சத்தில் ஒரு சின்னக் காரைப் பார்ப்பேன். சந்தைக்குச் சாக்கு ஏற்ற ஆம்னிதான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: ஆம்னி தயாரிப்பு 2019லேயே நின்றுவிட்டது. இனிக் கிடைப்பது எல்லாம் வயதான வண்டி. வயதுக்கும் விலை உண்டு. 15 வருடம் முடிந்தால் பதிவைப் புதுப்பிக்கவேண்டும், காருக்கு ரூ. 600 ஆக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ. 5,000 ஆயிற்று. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் ரூ. 10,000. எஃப்.சி.க்காகச் செய்யும் டிங்கரிங், பெயிண்டிங் வேறு. 14 வயதுக் கார் திடீரென்று மலிவாகக் கிடைப்பதன் ரகசியம் இதுதான்.

இனி காகிதம்.

2009ல் பொள்ளாச்சியில் ஒரு மாருதி 800 வாங்கினேன். விற்றவர் நல்ல மனிதர். கடனைக் கட்டி முடித்துவிட்டதாகச் சொன்னார், உண்மையும் அதுதான். ஆனால் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் அப்படியே இருந்தது. ஃபாரம் 35 வாங்கி 'எச்.பி. கேன்சல்' செய்யவேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நான் போனபோது அந்த நிறுவனத்தின் கிளையே மூடியிருந்தது. ஒரு தாளுக்காகப் பதினோரு மாதம் அலைந்தேன். காருக்குக் கொடுத்த பணத்தைவிட அந்த அலைச்சல்தான் இன்றும் நினைவில் இருக்கிறது.

நான் தப்பித்தேன், ஏனென்றால் கடன் தீர்ந்திருந்தது. தீராத கடன் என்றால் கதையே வேறு. எச்.பி. உள்ள வண்டியை ஃபைனான்ஸ் நிறுவனத்தின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் பெயர் மாற்றமுடியாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 51வது பிரிவு. பழைய உரிமையாளர் டியூ கட்டாவிட்டால், முழுப்பணமும் கொடுத்து வாங்கிய உங்கள் வாசலிலிருந்து வண்டி 'சீஸ்' ஆகும். அடியாட்களை வைத்துப் பறிக்கக்கூடாது என்று 2007ல் பிரகாஷ் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது உண்மை. ஆனால் அந்தத் தீர்ப்பு உங்களுக்கு உரிமையைத் தராது, மரியாதையைத்தான் தரும்.

எல்லையில் வாங்குகிறவருக்கு இன்னொரு மாநிலம் வந்து சேர்கிறது. டி.என். 41 வண்டியை வடகரப்பதி முகவரிக்கு மாற்றவேண்டும் என்றால் பொள்ளாச்சி அலுவலகத்தின் என்.ஓ.சி. (ஃபாரம் 28) வேண்டும். வண்டி மேல் அபராதம் பாக்கியிருந்தால் முதலில் அதைக் கட்டவேண்டும். பிறகு ஃபாரம் 29, 30. கேரளத்தில் புது எண்ணுக்கு விண்ணப்பம். கேரள வரி தனி. தமிழ்நாட்டில் ஆயுட்கால வரி கட்டியாயிற்றே என்றால் இங்கே செல்லாது. இந்த வரியையும் சேர்த்தால்தான் காரின் உண்மை விலை தெரியும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சித்தூர் ஆர்.டி. அலுவலகத்தில் எவ்வளவு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இதற்குப் பயந்துதான் சிலர் குறுக்கு வழி தேடுகிறார்கள். ஒன்று, கோவை மாவட்டத்து உறவினர் முகவரியில் பதிவு. இன்னொன்று, 'ஓப்பன் டிரான்ஸ்ஃபர்': தேதி போடாத 29, 30 ஃபாரங்களில் விற்றவரின் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுவது. பணம் மிச்சம்தான். ஆனால் வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அந்த மாநிலத்து எண் வேண்டும் என்கிறது சட்டம். விபத்து நடந்தால்? பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது விற்றவர் மாட்டுகிறார். விவரம் தெரிந்த விற்பனையாளர் அதனால்தான் இப்போது ஓப்பன் கையெழுத்துக்கு ஒத்துக்கொள்வதில்லை. வாங்கியவருக்கும் நிம்மதி இல்லை. தன் பெயரில் இல்லாத வண்டிக்குச் சொந்தச் சேதம் கேட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும். பாலிசியை 14 நாளில் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கவேண்டும்.

கன்சல்டிங் மூலம் வாங்குகிறவர்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் ஒரு பிடி கிடைத்திருக்கிறது. பழைய வண்டி விற்பவர் ஆர்.டி. அலுவலகத்தில் அங்கீகாரம் பெற்றிருக்கவேண்டும், தன்னிடம் வந்த வண்டிக்கு அவரே உரிமையாளராகக் கருதப்படுவார், என்.ஓ.சி., பெயர் மாற்றம் எல்லாவற்றுக்கும் அவரே விண்ணப்பிக்கலாம். அங்கீகாரம் உண்டா என்று கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. கூடவே, செல்போனில் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். எஃப்.சி., இன்சூரன்ஸ் தேதி, எத்தனையாவது உரிமையாளர் எல்லாம் தெரியும். 'சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டி' என்ற பல்லவி பல நேரம் அங்கேயே முடிந்துவிடும்.

வண்டியைப் பார்க்கும் வித்தையை உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம். விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். ஒன்றே ஒன்று மட்டும். 2015 டிசம்பரில் சென்னையிலும் 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் ஏராளம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருந்தால், சீட்டுக்கு அடியில் தண்டவாளம் துருப்பிடித்திருந்தால், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அந்த மச்சானின் டிராக்டர் கடனுக்கு வருவோம். ஒவ்வொரு தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். 2017லிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. அதில் தன்னுடையது அல்லாத கடனோ, தீர்ந்தும் தீராததாகக் காட்டும் கணக்கோ இருந்தால் புகார் எழுதலாம். 30 நாளில் சரிசெய்யாவிட்டால், அதற்குமேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 100 புகார் செய்தவருக்குச் சேரவேண்டும் என்பது 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த விதி. நம் விவசாயியின் ஜாமீன் கையெழுத்து உண்மையானது என்பதால் அதைப் புகாரால் அழிக்கமுடியாது. மச்சானைக் கட்டவைத்து, வங்கியிடம் கடன் தீர்ந்த சான்று வாங்கவேண்டும். கட்டவைப்பது அக்காவா, ஊர்ப் பெரியவரா என்பது அந்தக் குடும்பத்தின் விஷயம். போர்வெல் கடனில் தவறிய தவணைகளைக் கட்டி முடித்தால் 2025 ஜனவரி முதல் 15 நாளுக்கு ஒரு முறை தகவல் புதுப்பிக்கப்படுவதால், முன்னைப்போல் அது அறிக்கையில் ஏற மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.