இறக்கத்தில் பிடித்து நிறுத்துவது எது?

லவ்டேல், கேத்தி, அருவங்காடு பகுதிப் பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியர்களில் பலர் இருசக்கர வாகனத்தில்தான் பள்ளிக்கு வருகிறோம். ஒரு பேருந்தைத் தவறவிட்டால் முதல் பாடவேளை போய்விடும் என்பதால் வண்டியைத் தவிர்க்க முடிவதில்லை. மாறுதலில் சமவெளியிலிருந்து வரும் ஆசிரியருக்குப் பல ஆண்டுகள் வண்டி ஓட்டிய பழக்கம் இருக்கும். ஆனால் அந்தப் பழக்கம் இங்கே பாதிதான் கைகொடுக்கும். சமவெளியில் வண்டியை ஓட்டுவது எஞ்சின், நிறுத்துவது பிரேக். மலை இறக்கத்திலோ ஓட்டுவது புவியீர்ப்பு விசை. எஞ்சினையும் பிடித்து நிறுத்தும் வேலைக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். மலை ரயில் பாதையில் உதகை நிலையம் 2203 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் 326 மீட்டரில். இடையே 1877 மீட்டர் வித்தியாசம். வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 250 கிலோ என்று வைத்துக்கொண்டால், உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் போய்ச் சேர்வதற்குள் அந்த வண்டி இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 46 லட்சம் ஜூல். சாதாரணக் குளிர்ந்த நீர் 14 லிட்டரைக் கொதிக்க வைக்கப் போதுமான ஆற்றல் இது. காற்றுத் தடையும் டயர் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியைப் பிரேக்கின் தலையில் மட்டும் கட்டினால் டிரம்மும் டிஸ்க்கும் காய்ந்துபோகும். சூடேறிய பிரேக் ஷூவின் பிடிப்பு குறையும். டிஸ்க் பிரேக்கில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால், லீவரை அழுத்தினாலும் வண்டி நிற்காது. “பிரேக் பிடிக்கவில்லை” என்று சொல்லப்படும் விபத்துகள் பலவற்றில் பிரேக் பழுதாகியிருக்காது, வெந்துபோயிருக்கும்.

1899இல் குன்னூர் வரை ரயில் பாதை திறக்கப்பட்டபோது, கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்திருந்தார்கள். 12 அடிக்கு ஓரடி உயரும் சரிவு அது. வழுவழுப்பான சக்கரத்தை மட்டும் நம்ப முடியாது. எஞ்சினின் பற்சக்கரம் அந்தச் சட்டத்தைக் கவ்வியபடியே ஏறுகிறது, கவ்வியபடியே இறங்குகிறது. நம் பைக்கில் அந்தக் கவ்வுதலைச் செய்வது கியர். எந்தக் கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று மலை ஓட்டுநர்கள் சொல்வதன் பொருள் இதுதான். இரண்டாவது கியரில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டால் எஞ்சினே சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். கிளட்சை அழுத்தினாலோ நியூட்ரலில் விட்டாலோ அந்தப் பிடி போய்விடும். பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினையே அணைத்துவிட்டு உருண்டு வருவோரை இங்கே தினமும் பார்க்கலாம். அந்தச் சிக்கனத்தில் எனக்கு உடன்பாடில்லை.

கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு இந்த வசதி குறைவு. வேகம் மிகவும் குறைந்ததும் அதன் கிளட்ச் தானாகவே விடுபட்டுவிடும். ஆகவே பிரேக்கை விடாமல் உரசிக்கொண்டே வராமல், பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, ஆறவிட்டு மீண்டும் பிடிக்க வேண்டும். கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி, தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் எந்த வண்டியானாலும் வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும், சாய்ந்து திரும்பும்போது அல்ல. குறுகிய சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. பேருந்து திரும்பும்போது அதன் பின்பக்கம் உள்வாங்கும். அந்த இடைவெளியில் நுழைந்துவிடக் கூடாது.

காலையில் புறப்படும் முன் ஐந்து நிமிடம் போதும். டயரின் பட்டன் தேய்ந்திருக்கிறதா, காற்று இருக்கிறதா என்று பாருங்கள். குளிரில் காற்றழுத்தம் இறங்கியிருக்கும். இரண்டு பிரேக்கையும் வாசலிலேயே உருட்டிப் பிடித்துப் பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் கையுறை அவசியம், விறைத்த விரல் லீவரை நேரத்துக்கு அழுத்தாது. மூடுபனியில் விளக்கைத் தாழ்வொளியில் வையுங்கள். உயர்வொளி பனித்துளிகளில் பட்டு நம் கண்ணிலேயே திருப்பி அடிக்கும். மழை நாளில் யூகலிப்டஸ் சருகு, சாலையோரப் பாசி, வெள்ளைக் கோடு மூன்றும் வழுக்கும். சேலை முந்தானையையும் துப்பட்டாவையும் மழைக்கோட்டுக்குள் செருகிக்கொள்ள வேண்டும். பின்னால் அமர்ந்து குடை பிடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். வளைவில் வீசும் ஒரு காற்றுக்கே குடை வண்டியைத் திருப்பிவிடும். தேயிலைத் தோட்டத்து ஓரம் காட்டெருமை நின்றால் தொலைவிலேயே நின்றுவிடுங்கள். ஒன்று கடந்ததும் கிளம்பாதீர்கள், பின்னால் கன்று இருக்கலாம்.

இவை எல்லாவற்றையும் கெடுப்பது அவசரம். பனி இறங்கிய நாளில் பத்து நிமிடம் தாமதமாகும் என்று தலைமையாசிரியருக்குப் புறப்படும் முன்பே சொல்லிவிடலாம். தலைமையாசிரியர்களும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் நல்லது.

மாணவர்கள் நம் தலைக்கவசத்தைப் பார்க்கிறார்கள், அதன் பட்டை மாட்டியிருக்கிறதா என்பதையும்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும் இருசக்கர வாகனத்தில் தலைக்கவசம் அணிய வேண்டும். அப்பாவின் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என வந்திறங்கும் நம் குழந்தைகளின் பெற்றோரில் பலர் இதை அறியமாட்டார்கள். 18 வயது நிறையாத பிள்ளை பைக் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு என்பதையும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொல்லலாம். நிலையாற்றலும் தன்வெப்ப ஏற்புத்திறனும் படித்த வகுப்பில் மேலே உள்ள கணக்கையே கொடுத்துப் பாருங்கள். உதகைக்குப் பதிலாக அவரவர் ஊரின் உயரத்தையும், 250 கிலோவுக்குப் பதிலாக மூன்று பேர் ஏறிய வண்டியின் எடையையும் போட்டுப் பார்க்கச் சொன்னால் போதும்.