பர்சனல் ட்ரெயினர் வைக்கப் போறீங்களா? பணம் கட்டும் முன் இதைக் கவனிங்க!

‘வெயிட்டைக் குறைங்க, இல்லைன்னா மாத்திரை டோஸைக் கூட்ட வேண்டியிருக்கும்’ என்று டாக்டர் சொல்லியாச்சு. புது ஷூவும் வாங்கியாச்சு. பக்கத்துத் தெரு ஜிம்மில் விசாரித்தால், ‘தனியா ட்ரெயினர் போட்டுக்கோங்க, மூணே மாசத்துல ஆளே மாறிடுவீங்க’ என்கிறார்கள். எதிரில் நிற்கும் இளைஞரின் புஜங்களைப் பார்த்ததும், கை தானாகவே ஜிபே பக்கம் போகிறது.

கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கட்டுடல் அவருடைய உழைப்புக்குச் சாட்சி. ஆனால், 45 வயதில் சர்க்கரையோடும் முட்டிவலியோடும் வரும் ஒருவருக்குச் சொல்லித்தர அவருக்குத் தெரியும் என்பதற்கு அது சாட்சி அல்ல.

அவர் உங்களிடம் என்ன கேட்கிறார்?

நல்ல ட்ரெயினரைக் கண்டுபிடிக்க எளிய வழி, முதல் நாள் அவர் கேட்கும் கேள்விகளைக் கவனிப்பதுதான். உடற்பயிற்சி தொடங்குபவர்களுக்காக ‘பார்-க்யூ ப்ளஸ்’ என்றொரு படிவம் பல நாடுகளில் பயன்படுகிறது. அதில் முதலில் வரும் 7 கேள்விகளின் சாரம் இதுதான்:

* இதய நோயோ, உயர் ரத்த அழுத்தமோ இருக்கிறதா?
* நெஞ்சுவலி வருகிறதா?
* தலைசுற்றலோ, மயக்கமோ வந்ததுண்டா?
* வேறு நீண்டகால நோய் உண்டா?
* தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறீர்களா?
* எலும்பு, மூட்டுப் பிரச்னை இருக்கிறதா?
* மேற்பார்வையோடுதான் பயிற்சி செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரா?

இவற்றைப் படிவமாகக் கொடுக்காவிட்டாலும், வாய்மொழியாகவாவது கேட்க வேண்டும். உதாரணமாக, இன்சுலின் போடுபவருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை அளவு திடீரென இறங்கலாம். இது தெரியாத ட்ரெயினர், அந்த மயக்கத்தைச் ‘சோர்வு’ என்று நினைத்து, ‘இன்னும் 10 எண்ணிக்கை’ என்பார். எதுவுமே கேட்காமல் டம்பிள்ஸைக் கையில் கொடுப்பவரிடம் ஒரு ‘நன்றி’ சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

சான்றிதழைப் பார்க்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். ஏஸ், ஏசிஎஸ்எம், என்ஏஎஸ்எம் போன்ற சர்வதேசச் சான்றிதழ்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதனால் சட்டம் போட்டு மாட்டியிருந்தாலும், தேதியைப் பாருங்கள். சிபிஆர் முதலுதவி தெரியுமா என்றும் கேளுங்கள்.

முதல் நாளே வேகமா?

‘மறுநாள் எழுந்திருக்கவே முடியலை, அவ்ளோ நல்ல ட்ரெயினர்’ என்பது பாராட்டு அல்ல. பழக்கமில்லாத உடலை அளவுக்கு மீறி வருத்தினால் தசைகள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். இதை ‘ராப்டோமயோலிசிஸ்’ என்கிறது மருத்துவம். கடுமையான தசைவலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பவுடர், ஊசி... உஷார்!

புரோட்டீன் பவுடரை அவரிடமே வாங்க வேண்டும் என்று வற்புறுத்தினால் யோசியுங்கள். டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. ‘சீக்கிரம் ரிசல்ட் வரும்’ என்று ஸ்டீராய்டு ஊசி பற்றிப் பேச்செடுத்தால், அன்றோடு அவரை நிறுத்திவிடுங்கள். டீன் ஏஜ் பிள்ளைகளை ஜிம்முக்கு அனுப்பும் பெற்றோர் இதை முக்கியமாக விசாரிக்க வேண்டும்.

பணமும் மரியாதையும்

ஆஃபர் என்று ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்ட வேண்டாம். ஒரு டிரையல் வகுப்பு, பிறகு ஒரு மாதம் என்று தொடங்குங்கள். விடுபட்ட வகுப்புக்கு ஈடு உண்டா, ட்ரெயினர் வேலையை விட்டுப் போனால் பணம் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ரசீது கட்டாயம். ஏமாற்றப்பட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

உடலைத் தொட்டுத் திருத்தும் முன் அனுமதி கேட்பது அடிப்படை நாகரிகம். பெண்கள், விருப்பப்பட்டால் பெண் ட்ரெயினரையே கேட்கலாம். அதில் தயக்கமே வேண்டாம்.

பட்ஜெட் இல்லையா?

பரவாயில்லை. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பும், 2 நாள் தசைப் பயிற்சியும்தான். தினமும் அரை மணி நேர வேக நடை என்று வாரம் 5 நாள் போனாலே அந்த 150 நிமிடம் வந்துவிடும். தசைப் பயிற்சியைச் சரியாகக் கற்றுக்கொள்ள மட்டும் 2 மாதம் ட்ரெயினர் வைத்துக்கொண்டு, பிறகு வீட்டிலேயே தொடரலாம். ‘அதுக்கென்ன, சொல்லித்தர்றேன்’ என்று முகம் சுளிக்காமல் சம்மதிக்கிறாரா? அவரையே வைத்துக்கொள்ளுங்கள்!